ஏழு மூடிகளும் ஒரு கேமிங் கணினியும்

ஜனவரி 6, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் வழக்கம்போல நான் பேசினேன், நாற்பது பேர் நின்றபடியே தூங்கினார்கள். பதினோரு வருடமாக இந்தக் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். அவர்கள் தூங்குவது எனக்குப் பழகிவிட்டது. இன்று மேலாளர் நூர்தீன் பின்னால் நின்று பார்த்துவிட்டார். “கதிரேசன், நீங்க பேசினா கிரேன்கூட தூங்கிடும் லா” என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. “பேச்சே வேணாம் சார். ஒரு கேம் செஞ்சு தர்றேன். ஃபோன்ல விளையாடிக்கிட்டே சேஃப்டி கத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். மார்ச் 21, பாதுகாப்பு தினத்தன்று வெளியீடு என்று அவர் அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்குக் கேம் செய்யத் தெரியுமா? தெரியாது. அதற்கென்ன, காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். முதலில் நல்ல கணினி வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

மோகனப்பிரியாவிடம் சொன்னேன். வீட்டில் இருக்கும் லேப்டாப் போதாதா என்றாள். அதில் ஈமெயில் திறந்தாலே மூச்சு வாங்குகிறது என்றேன். ஆயிரத்து இருநூறு வெள்ளி, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று மனைவியின் உத்தரவு.

“கேம் செய்யவா, விளையாடவா?” என்றும் கேட்டாள். கேட்காததுபோல் குளிக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பட்டறை முறைப்படியே வாங்குவது என்று முடிவு. மூன்று கடைகளில் விலை கேட்டாயிற்று. லேப்டாப்புக்கென்று நாற்பத்திரண்டு வரியில் சரிபார்ப்புப் பட்டியல் போட்டேன். திரையை மடக்கும் கீல் உறுதியா என்பதுகூட அதில் ஒரு வரி. அபாய மதிப்பீடும் உண்டு: ‘கணினி சூடாதல். நிகழ வாய்ப்பு மூன்று, கடுமை நான்கு. தடுப்பு நடவடிக்கை: மேசை விசிறி.’ படித்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கேமில் என்ன நடக்கும் என்று இன்னும் யோசிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

லிட்டில் இந்தியாவில் அரிசி வாங்கிவிட்டு நடக்கும்போது, ஃபேரர் பார்க் பக்கம் புல்வெளியில் அங்கமுத்துவைப் பார்த்தேன். எங்கள் வெல்டர், புதுக்கோட்டைக்காரர். கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஃபோனில் ஏதோ கேம் விளையாடிக்கொண்டிருந்தார். என் திட்டத்தைச் சொன்னேன்.

“கேம்ல என்ன சார் வரும்?”

“இன்னும் மெஷினே முடிவாகல அங்கமுத்து.”

“அதில்ல சார். எப்புடி ஜெயிக்கிறது, எப்புடி தோக்குறது?”

கிராஃபிக்ஸ் கார்டில் எட்டு ஜிபி போதுமா, பன்னிரண்டு வேண்டுமா என்பதை அரை மணி நேரம் விளக்கினேன். பாவம், அவருக்குப் புரியவில்லை.

ஜனவரி 25, சனி

ஒரு காணொளிக்காரன் எட்டு போதும் என்கிறான். இன்னொருவன், எட்டு வாங்கினால் அழுவாய் என்கிறான். இரண்டு பேருக்கும் பின்னால் அதே ஊதா விளக்கு எரிகிறது.

ஜனவரி 30, வியாழன்

சீனப் புத்தாண்டு விடுமுறை. நாள் முழுக்கப் படித்துத் தெளிந்துவிட்டேன்: லேப்டாப் வேண்டாம், டெஸ்க்டாப்தான். அதே விலைக்கு வேகம் அதிகம்.

புதுப் பட்டியல் போடவில்லை. பழைய பட்டியலில் தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டேன். பட்டறையில் தினமும் செய்வதுதானே இது? நேற்றைய படிவத்தை எடு, தேதியை மாற்று, கையெழுத்துப் போடு. பதினோரு வருட அனுபவம் என்றால் சும்மாவா!

பிப்ரவரி 6, வியாழன்

நாளை அரை நாள் விடுப்பு, கடைக்குப் போகிறேன். புதுக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது. அதற்கான பாதுகாப்புப் படிவத்தைக் காலையிலேயே முடித்துவிட்டால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும்.

பணம் கட்டிவிட்டுப் பெட்டியோடு டாக்சிக்கு நிற்கும்போது நூர்தீன் கூப்பிட்டார். அங்கமுத்து விழுந்துவிட்டார்.

கப்பலின் மேல்தளத்தில், கீழே உள்ள தொட்டிகளுக்கு இறங்கும் துளைகள் இருக்கும். மேன்ஹோல் என்போம். திறந்து கிடந்தால் மரமூடி போட்டுத் தடுப்பு வைக்கவேண்டும். ஏழுக்குப் போட்டிருந்தார்கள், என் படிவத்தில் ஏழு என்றுதான் இருந்தது. போன கப்பலில் ஏழு. இந்தக் கப்பலில் ஒன்பது.

எட்டாவதற்குள் அவர் கால் இறங்கிவிட்டது. முழங்கையால் விளிம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். கீழே பத்து மீட்டர்.

நான் மேலே ஏறிப் பாத்தேனா? பாக்கலையே. ஆபீஸ்ல உக்காந்து தேதிய மட்டும்தானே மாத்துனேன் — பன்னெண்டு மணிக்குக் கிளம்பணும்னு.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போனேன். அதை எங்கே விட்டுவிட்டுப் போவது? வீங்கிய முழங்காலோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் வந்துருச்சா சார்? நல்லது, நல்லது.”

பிப்ரவரி 8, சனி

கணினியைச் செருகினேன். பெட்டிக்குள் ஏழெட்டு நிறத்தில் விளக்குகள் எரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை. தெரிவதற்குத் திரை வேண்டுமே!

திரை வாங்கவில்லை. லேப்டாப்புக்குப் போட்ட பட்டியலில் திரைக்குத் தனி வரி ஏது? ஆனால் கடையில் நின்று நாற்பத்திரண்டு வரிக்கும் ‘சரி’ போட்டிருக்கிறேன். ‘கீல் உறுதி: சரி.’ டெஸ்க்டாப்பில் எந்தக் கீலைப் பார்த்தேன்?

மோகனப்பிரியா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “நீங்க ஃபார்மைத்தான் பாக்குறீங்க, சாமானைப் பாக்கிறதில்ல. வீட்டில பரவாயில்லப்பா, அங்க ஆளுங்க நடக்கிறாங்க” என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

விசாரணை. நூர்தீன் என் படிவத்தை மேசையில் வைத்தார்.

“எங்க உக்காந்து எழுதினீங்க?”

“ஆபீஸ்ல.”

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை தப்பியது. பாதுகாப்பு தினம் ரத்தாகவில்லை, கேமும் ரத்தாகவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அங்கமுத்து வந்துவிட்டார். மார்ச் கடைசி வாரம் வரை லேசான வேலைதான். ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கிறார். ஸ்டோர் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மார்ச் 3, திங்கள்

எத்தனை நாள் சுற்றுவது? இன்று ஸ்டோருக்குள் போய்விட்டேன். ஆபீசில் உட்கார்ந்தே தேதியை மாற்றினேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகு நேரம் ஒரே போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஊர்ல எனக்கு ரெண்டு பிள்ளைங்க சார்” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

கிளம்பும்போது, கேம் வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தார். “நான் ஒன்னு செய்யட்டா சார்? கம்ப்யூட்டரெல்லாம் வேணாம். ஒரு பிளைவுட் பலகையும் கொஞ்சம் பெயின்ட்டும் போதும்.”

பலகைக்கு அனுமதிப் படிவம் எழுத உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போய், நூர்தீனிடம் வாயால் கேட்டுவிட்டு, நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பரமபதம்! பலகை முழுக்க நூறு கட்டம், பாம்பு, ஏணி. காய்க்குப் பதில் போல்ட்டும் நட்டும். ‘பக்கத்து ஆளின் பெல்ட் கழன்றதைச் சொன்னாய்’ என்ற கட்டத்திலிருந்து ஏணி ஏறுகிறது. ‘அவசரம் என்று தடுப்பைத் தாண்டினாய்’ என்றால் பாம்பு. ஒருவரும் தூங்கவில்லை. ஏணி யாருக்கு என்று சண்டையே வந்துவிட்டது.

நூர்தீன் என்னையும் இழுத்து உட்காரவைத்தார். ஐந்து விழுந்தது. அறுபத்து மூன்றாவது கட்டம், பலகையிலேயே பெரிய பாம்பு. அதன் வாய்க்குள் வண்ண விளக்கு எரியும் ஒரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் கண்ணாடி போட்ட தொப்பைக்காரர் ஒருவர். கீழே எழுதியிருந்தது: ‘சார் தேதியை மட்டும் மாற்றினார்.’

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அங்கமுத்துவும் பார்த்தார், கண்ணை விலக்கவில்லை.

நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் நாற்பது பேரும் சிரித்தார்கள். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பாம்பின் வால் முதல் கட்டம் வரை வந்திருந்தது. அந்தக் கட்டத்தில், ‘மேலே ஏறிப் போய் எண்ணு.’ என் நட்டை எடுத்து அங்கே வைத்தேன்.

மார்ச் 22, சனி

திரை வாங்கவில்லை. மோகனப்பிரியா கணினிமேல் மணிபிளான்ட் தொட்டி வைத்திருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் இலை நன்றாகத்தான் தெரிகிறது.

மார்ச் 24, திங்கள்

அடுத்த கப்பல். ஏழு மணிக்கே வெற்றுப் படிவத்தோடு மேல்தளம் ஏறினேன். அங்கமுத்துவுக்கு இன்று முழு வேலை. காலைச் சற்றே சாய்த்து நடந்து என்னிடம் வந்தார். “நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுங்க சார், நான் இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றேன்” என்றார்.

எனக்குப் பத்து வந்தது. அவருக்குப் பதினொன்று.

மறுபடியும் முதலிலிருந்து நடந்தோம்.