உங்கள் மேட்டில் ஆறுமணிக்குருவி

என் அன்பு மாமா,

நீங்கள் சொன்னது சரி. நான்தான் தவறு. இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது; அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். இருந்தாலும் இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி இருக்கிறது. கண்ணால் பார்த்தேன், படமும் எடுத்தேன். எங்கே என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கல்லறை மேட்டின் மேலேயே.

இந்தக் கடிதத்தை நம் பங்குக் கோவிலின் கிறிஸ்துமஸ் மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கரும்பு லாரி ஓட்டியவர், என் அக்காவின் கணவர். நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிறப்பு இறப்புப் பதிவு எழுதியவன். நம் இருவருக்கும் பொதுவாக அக்காவின் சமையலைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற வருடம் உங்கள் மகள் பிரான்சிலிருந்து அந்தப் பெரிய கேமராவை அனுப்பினாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு என் வாசலில் வந்து நின்றீர்கள். "வா மச்சான், கல்லறைக்குப் போலாம். அங்கதான் எவனும் நம்மள வெரட்ட மாட்டான்."

ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல், நடுவே நம் முன்னோர். பாகூர் ஏரிக்குப் போகிற பறவைகளெல்லாம் அங்கே ஒருமுறை இறங்கிவிட்டுத்தான் போயின. நீங்கள் படம் எடுத்தீர்கள், நான் பதிவேடு எழுதினேன். பறவை, நாள், நேரம், இடம், பார்த்தவர், சான்று என்று கட்டம் போட்டேன். இடம் என்ற கட்டத்தில் கல்லறையின் பெயரை எழுதினேன். கொண்டலாத்தி, ஞானம்மா கல்லறை. மீன்கொத்தி, சூசையின் சிலுவை.

அது ஊருக்குள் பரவியதும் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் என்னை மடக்கிக் கேட்க ஆரம்பித்தார்கள். "எங்க அம்மா மேல ஒரு காக்கா கூடவா சார் ஒக்காரல?" என்று ஒருவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவருக்காக மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து ஒரு கரிச்சானைப் படம் பிடித்துக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா?

உங்கள் குறை ஒன்றுதான். கேமராவின் மூடியைக் கழற்ற மறந்துவிடுவீர்கள். கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், இன்னும் விடியவே இல்ல" என்பீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒரு நாள். எனக்குக் காய்ச்சல், வரவில்லை. நீங்கள் தனியாகப் போய்விட்டு, லுங்கி முழுக்க ஒட்டுப்புல்லோடு நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள்.

"பாத்துட்டன்டா மச்சான்! ஆறுமணிக்குருவி! பச்ச முதுகு, வாலே இல்ல, வவுத்துக்குக் கீழ குங்குமம் கொட்டுன மாரி செவப்பு. எடு நோட்ட, எழுது."

"படம் எங்க மாமா?"

"எடுத்தன். கை ஆடிப்போச்சு."

கேமராவில் பார்த்தேன். பழுப்புக்கு நடுவே ஒரு பச்சைத் தீற்று. அவ்வளவுதான்.

"மாமா, இது புங்க இலை."

"இலை கண்ணுக்கு மை போட்டுக்கினு தத்தித் தத்திப் போவுமாடா? என் கண்ணால பாத்தன்!"

"படம் தெளிவா இல்லாம எப்படி எழுதறது மாமா?"

"ஏன்டா, நாளைக்கு நான் செத்தா அதுக்கும் சான்று கேப்பியா நீ?"

இருவரும் சிரித்தோம். நான் பென்சிலால் ஆறுமணிக்குருவி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அலுவலகத்தில் சந்தேகமான விண்ணப்பங்களுக்குப் போடுகிற அதே குறி. பதிவேட்டுக்கு ஒரு நல்ல வேலையைச் செய்துவிட்டதாகவே நினைத்தேன். நீங்கள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போன தை மாதம் உங்கள் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். அப்போது நீங்கள் கேட்டது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு, அக்கா என்னிடம் கொடுத்த உங்கள் கேமராவை ஒன்பது மாதம் நான் தொடவில்லை. இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில்தான் எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் இடம் பின்மூலையில், வேம்பும் புங்கும் சேர்ந்து நிழல் விழுகிற இடம். மேடு கொஞ்சம் அமிழ்ந்திருந்தது. மேலே முழங்கால் அளவுக்கு இலைக்குப்பை என்று சொன்னால் மிகை; கணுக்கால் அளவு இருக்கும். பார்த்ததும் வெட்கமாக இருந்தது. குனிந்து அள்ளப் போனேன்.

அப்போதுதான் விசில் கேட்டது. இரண்டே சுரம், யாரோ வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆளைக் கூப்பிடுகிறது போல. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருந்தது; அதன் பெயருக்கேற்ற நேரம்.

சூசையின் கல்லறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். புதரிலிருந்து அது தத்தி வந்து உங்கள் மேட்டில் ஏறியது. அலகால் ஒரு இலையைப் புரட்டும், நிற்கும், தலையைச் சாய்க்கும், மண்புழுவை இழுக்கும். பச்சை முதுகு. வால் இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. கண்ணில் மை. அடிவயிற்றில் நீங்கள் சொன்ன குங்குமம். கேமராவில் கண் வைத்தால் ஒரே இருட்டு. "மூடியக் கழட்டுனியா மச்சான்?" என்று உங்கள் குரலிலேயே எனக்கு நான் சொல்லிக்கொண்டேன். கழற்றியிருக்கவில்லை.

பதினோரு படம் எடுத்தேன். நான்கு தெளிவு.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் கல்லறைக் கமிட்டியின் சவரிமுத்து அறிவித்தார். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை தோட்டம் முழுவதும் செதுக்கி, கூட்டி, குப்பையை எரிப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். எல்லா வருடமும் செய்வதுதான். குருவிக்கு அந்த மூலையின் இலைக்குப்பைதான் சோறு. அதைக் கூட்டி எரித்தால் அது வேறு ஊர் பார்த்துப் போய்விடும். கூட்டாமல் விட்டாலோ அக்காவுக்குத் தலைகுனிவு. இறந்து முதல் வருடக் கல்லறையைத்தான் ஊரே வந்து பார்க்கும். சுண்ணாம்பும் சாமந்தியும் இல்லாமல் குப்பையோடு கிடந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

அக்காவிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் ஐந்து குறிப்பாக எழுதிக்கொண்டு போனேன். அவள் இட்லி வைத்தாள். சாப்பிட்டேன். தாளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். மறுநாளும் இட்லி.

சனிக்கிழமை வந்துவிட்டது. நான் விடிவதற்கு முன்பே போய் உங்கள் மேட்டருகே நின்றேன். துடைப்பத்தோடு நம் தெரு அஞ்சலை முன்னால் வந்தாள், பின்னால் சவரிமுத்து.

"ஐயா, கொஞ்சம் நவுருங்க, கூட்டணும்."

நான் அப்படியே மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா ஐயா, நீங்க நல்லாத்தான இருக்கீங்க? இப்பவே எதுக்கு எடம் புடிக்கறீங்க?" என்றாள் அஞ்சலை. தோட்டமே சிரித்தது. சவரிமுத்து, "சார், நேரமாவுது சார்" என்று தலையைச் சொறிந்தார். அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, சுண்ணாம்பு வாளியோடு அக்காவே வந்துவிட்டாள்.

"இன்னாடா தம்பி, கூட்ட வுட மாட்டறியாமே?"

"அக்கா, இந்தக் குப்பையிலதான் அது மேயுது. கூட்டிட்டா போயிடும்."

"எதுடா?"

"மாமா சொன்னது."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "அந்த வாலில்லாத குருவியா?"

கேமராவைக் காட்டினேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து கஞ்சி கூடக் குடிக்கலடா அந்த மனுசன். 'ஒன் தம்பி நான் பொய் சொல்றன்னு நெனைக்கறான்'னு ராத்திரி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

எனக்கு இது தெரியாது மாமா. என்னோடு சேர்ந்து சிரித்தீர்களே, அது எனக்காகவா?

"சரி, ஊரு இன்னா சொல்லும்?" என்றாள் அக்கா. "மொத வருசம். புருசன் மேட்டக் கூட்டக்கூட இவளுக்கு ஆள் இல்லன்னு சொல்லும்."

"சொல்றவங்கள எங்கிட்ட அனுப்பு. திருநாள் அன்னிக்கு இங்கியே நிக்கறன். வர்றவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்றன்."

"நீயா? பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போவணும்னு வாத்தியாரக் கேக்கறதுக்கே என்னத் தொணைக்கு இழுத்துக்கினு போனவன்டா நீ."

"நிக்கறன்க்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ஒண்ணு செய். அவரு பாத்தத மொதல்ல எழுது. அவரு பேருல. இங்கியே, என் கண்ணு முன்னால."

பையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். அலுவலகத்தில் இதற்குக் காலம் தாழ்ந்த பதிவு என்று பெயர். மேலிடத்து உத்தரவு வேண்டும். என் மேலிடம் சுண்ணாம்புக் கையோடு எதிரிலேயே நின்றது. கேள்விக்குறியை அழித்தேன். பழைய நாளையே போட்டு, பார்த்தவர் கட்டத்தில் உங்கள் பெயரை மையில் எழுதினேன். சான்று என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அக்கா அதைக் கவனிக்கவில்லை.

"சவரி, சிலுவைக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பா. மண்ணத் தொடாத" என்றாள். சுற்றியிருந்த, கேட்பாரில்லாத ஐந்து மேடுகளையும் அப்படியே விட்டார்கள்.

திருநாளன்று மாலை நான்கு மணி முதல் ஏழு வரை நின்றேன். குருவியின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். "இன்னா சார், ஒங்க மாமாவுக்கு மட்டும் குப்பையா?" என்று முதலில் கேட்டவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். பத்தாவது ஆளுக்குக் குரல் சரியாகிவிட்டது. அதன் பிறகு கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். சிலர் முகம் சுளித்துப் போனார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். மணப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "எங்க வூட்டுக்காரர் மேலயும் எலய வுட்டா வருமா?" என்று கேட்டார். அஞ்சலை பிள்ளைகளை விரட்டினாள்: "மிதிக்காதீங்கடா, சாப்புடற எடம்!"

அக்கா மெழுகுவர்த்திகளை இலையில் வைக்காமல், செங்கல் வரிசை ஒன்று அடுக்கி அதன்மேல் ஏற்றினாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தபோது படத்தைப் பார்த்துவிட்டு, இலைகளின் மேலும் சேர்த்துத் தெளித்துவிட்டுப் போனார். அக்கா தலை நிமிர்ந்துதான் நின்றாள் மாமா. அதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை குருவி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அத்தனை கூட்டமும் புகையும் விரட்டிவிட்டதோ, ஊரைக் கூட்டி நான் செய்ததும் தவறோ என்று பழைய புத்தி திரும்பியது. வீட்டில் நீங்கள் எடுத்த அந்தப் பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். இத்தனைக்குப் பிறகும் அது இலைபோலத்தான் தெரிகிறது. நான் எடுத்த படம் இந்த வருடத்துக்குத்தான் சான்று. உங்கள் நாளுக்கு ஒரு சான்றும் கிடையாது. இனிக் கிடைக்கவும் போவதில்லை.

அடுத்த காலை ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் விசில் கேட்டது. உருகி உறைந்த மெழுகைத் தாண்டி, செங்கல்மேல் ஒரு கணம் நின்று, உங்கள் இலைகளுக்குள் இறங்கியது. நான் கேமராவை எடுக்கவில்லை. பதிவேட்டை எடுத்து, காலியாக விட்ட கட்டத்தில் எழுதினேன்: மாமா சொன்னார்.

பங்குனியில் அது வடக்கே புறப்படும் வரை உங்கள் மேட்டில் துடைப்பம் படாது. போன பிறகு என் கையாலேயே கூட்டுவேன். ஐப்பசி வந்தால் மறுபடி இலை விழ விட்டு, திருநாளன்று பக்கத்தில் நின்று பதில் சொல்வேன். நான் இருக்கிற வரை ஒவ்வொரு வருடமும். இது வாக்கு.

உங்கள் சொல்லுக்கு இனிச் சான்று கேட்காத மைத்துனன்,
அருளப்பன்