கீழே கட்டிய கயிறு

ஜூன் 4, வியாழன்

வீட்டைப் பெருக்கினேன். இப்போதெல்லாம் மரத்தூள் வருவதில்லை, வெறும் மண்தான். முன்பு சோற்றுப் பானைக்குள்கூடத் தூள் கிடக்கும், அவரைத் திட்டிக்கொண்டே பெருக்குவேன். திட்ட ஆள் இல்லாமல் பெருக்கினால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

கொழுந்தன் வந்தான். அண்ணன் போனபின் மரம் வெட்டும் வேலையை அவன்தான் பார்க்கிறான். கீழே கயிறு பிடிக்க ஆள் நிலைக்கவில்லையாம்.

"நீங்க வாங்க அண்ணி. நீங்க நின்னா எனக்குப் பயமே இல்ல."

"வரேன். ஆனா கயித்தை உச்சியில கட்டாதே. கீழ, அடிமரத்துல கட்டு. உனக்கு ஒண்ணுன்னா நான் இறக்கற மாதிரி கட்டு."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப அண்ணன் தப்பா கட்டினாருங்கறீங்களா?"

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 5

தப்பு என்று நான் எப்போது சொன்னேன்?

ஜூன் 7, ஞாயிறு

எழுதிப் பார்த்தால் எனக்காவது தெளியும்.

கயிற்றை உச்சிக் கிளையில் சுருக்கு முடிச்சாகப் போட்டு இறுக்கி, தொங்கும் கயிற்றில் ஏறுவது அவர் வழக்கம். கிளைக்கு ஏறுகிறவர் எடை மட்டும்தான். நான் சொல்வது வேறு. கயிற்றைக் கிளை பிரியும் கவட்டையில் போட்டு மறுமுனையைக் கீழே அடிமரத்தில் கட்டுவது. அதில் ஆள் ஒரு பக்கம் இழுக்க, அடிமரம் மறுபக்கம் இழுக்கும். "கிளைக்கு ரெட்டைப் பாரம்டி, பாவம்" என்பார். கீழே வரும் கயிற்றில் ரம்பம் பட்டுவிடும் என்றும் பயம். எல்லாம் நியாயம்தான்.

அன்றைக்கு அவர் நெஞ்சு மரத்தின் மேலேயே நின்றுபோயிற்று. தலை தொங்கிவிட்டது. கயிற்று நுனி என் கையில். இழுத்தேன். முடிச்சு மேலே — இழுக்க இழுக்க இன்னும் இறுகிற்று. தீயணைப்பு ஏணி வண்டி வருகிறவரை கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். ஏன்யா, ஒரு முழம்... ஒரு முழமாவது என் பக்கம் வந்திருக்கக் கூடாதா நீ?

மரத்துக்குச் சரியாகத்தான் கட்டினார். கீழே நின்றவளுக்குச் சரியாகக் கட்டவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது.

ஜூன் 11

கொழுந்தன் கயிறு பிடிக்க மூட்டை தூக்கும் ஆள் ஒருவரை வைத்துக்கொண்டானாம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சொன்னாள். நல்லது என்றேன். வாய்தான் சொன்னது.

இன்று முழுக்க அவளைத் தவிர யாரோடும் பேசவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

சும்மா இருக்க முடியவில்லை. மெல்லிய நூலில் எடைக் குண்டைக் கட்டி வீசி, அந்த நூலோடு இழுத்துப் பின்பக்கத்து மரத்தின் கவட்டையில் கயிறு ஏற்றினேன். வீசுகிற வேலையை மட்டும் அவர் என்னிடம் விட்டுவிடுவார். இன்னும் குறி தப்பவில்லை.

தையல்காரம்மாவும் நானுமாக, ஆளுக்குப் பதில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி மேலே இழுத்தோம். அடிமரத்தில் எட்டு மாதிரி இருக்கும் இரும்பு வளையத்தைக் கட்டி, அதில் கயிற்றைக் கோத்து மூட்டையை மெல்ல இறக்கப் பார்த்தேன். ஒரு சுற்றுதான் போட்டேன். சர்ரென்று போய் மூட்டை விழுந்து வெடித்தது. உள்ளங்கை எரிகிறது.

"மூட்டைக்கே இந்தக் கதின்னா, உங்க கொழுந்தன் பொழச்சான் போங்க!" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் யாருடையதோ மாதிரி இருந்தது.

ஜூன் 17

இரண்டு சுற்று. அதோடு கயிற்றின் மேல் ஒரு சின்னக் கயிற்றைச் சுற்றிப் பிடிமுடிச்சு போட்டேன். கை விட்டாலும் முடிச்சு கவ்விக்கொள்கிறது. மூட்டை குழந்தை மாதிரி இறங்குகிறது.

இன்னொன்றும் புரிந்தது. ஏறுகிற உயரத்துக்குக் கயிறு கீழே மிச்சம் கிடக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் அந்தரத்தில் நின்றுவிடுவான். கொழுந்தனிடம் இருக்கும் கயிறு போதாது.

ஜூன் 20, சனி

கொழுந்தன் வந்தான். "நான் மேல நின்னு கத்தறேன் அண்ணி, அந்தாளு பீடி பத்த வைக்கப் போயிட்டான்." பிறகு தொங்குகிற மூட்டையைப் பார்த்தான். "இது யாரு, எனக்குப் பதிலா?"

"ஆமா. உன்னைவிடச் சொல் பேச்சு கேக்குது."

மூட்டையை இறக்கிவிட்டு, "ஒரு தடவை ஏறு" என்றேன். "மேல போய்க் கையை விட்டுடு. தலையைத் தொங்கப் போடு. நீயா இறங்காதே. அப்புறம் உன் இஷ்டம்."

ஏறினான். கையை விட்டான்.

மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதே முதுகு. கை நழுவிவிட்டது — பிடிமுடிச்சு பிடித்துக்கொண்டது. அப்புறம் மூச்சை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கால் தரையில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணன் இப்படித்தான் தொங்கினாரா?"

"ஆமா."

ரொம்ப நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கிளைக்கு ரெட்டைப் பாரமாச்சே அண்ணி?" என்றான்.

"தண்டை ஒட்டின கவட்டையா பாத்துப் போடுவோம். நீ ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து தொங்கிப் பாப்போம். கயிறு ரம்பத்துக்கு எதிர்ப் பக்கமா இறங்கட்டும்."

அவன் போனபின் டம்ளரைப் பார்த்தேன். இந்தத் தடவை காபியைக் குடித்திருந்தான்.

ஜூன் 21

அவருக்கும் இப்படிச் செய்திருக்கலாம். செய்ய விட்டிருக்க மாட்டார். இரண்டும் உண்மை, இரண்டோடும்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 2, வியாழன்

கிடங்குக் கூரைமேல் சாய்ந்த பெரிய மரம். கொழுந்தன் புதுக் கயிறு வாங்கி வந்திருந்தான், நீளமானது. இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தோம். கிளை அசையவில்லை. கீழ் முடிச்சை நான் போட்டேன். அவன் சரிபார்க்கக்கூட இல்லை, "சரிபாருடா" என்று திட்டியபிறகு பார்த்தான்.

மத்தியானம் ரம்பச் சத்தம் நின்றது.

"அண்ணி, பசிக்குது. இறக்குங்க."

"உனக்குத்தான் நீயாவே இறங்கத் தெரியுமே?"

"தெரியும். இறக்குங்க."

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கயிற்றில் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் பசி, பசி என்று கத்தினான். நான் அவசரப்படவில்லை.