சனிக்கிழமை இறக்கம்

பாடாங்,
புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் ஷாஃப்ரிஸால் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். பாத்தாமில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கியிருப்பீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் கூடச் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதுவும் வீட்டில் போன் பேசினால் அடுப்படிவரை கேட்கும். அதனால் சிமென்ட் ஏற்ற வரிசையில் நிற்கும்போது, ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். கூட வேலை பார்க்கும் மார்லிஸ், தன் தங்கை கல்யாணத்துக்காக மத்தியான விமானத்தில் அங்கே வருகிறார். இன்று மாலைக்குள் இதை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.

விஷயம் நம் மகள் ரெஸ்தியின் சைக்கிள் பயணம். நீங்கள் வாங்கி அனுப்பிய சைக்கிளில் அவள் மூன்று மாதமாகப் பயிற்சி எடுக்கிறாள். கால் இரும்பாகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பெருமைதான். திட்டத்தைக் காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். நாளைக்கு பஸ்ஸில் புக்கித்திங்கி போய், அங்கிருந்து மனிஞ்ஜாவ் ஏரிக்கு இறங்கி, திரும்ப அந்த நாற்பத்து நான்கு வளைவும் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை சிங்காராக் ஏரிக் கரையோடு சோலோக் வரை. சனிக்கிழமை விடியற்காலையில் மலையேறி, அலாஹான் பாஞ்ஜாங்கின் இரட்டை ஏரி. பிறகு லூபுக் செலாசிஹ் வந்து, காட்டு வழியாகச் சித்திஞ்ஜாவ் லாவுக் மலைச்சரிவில் இறங்கி வீடு. கூட இரண்டு தோழிகள்.

ஏற்றம் எதற்கும் நான் பயப்படவில்லை. ஏற்றத்தில் மூச்சு முட்டினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கடைசி இறக்கம்.

நீங்கள்தான் அவளிடம் சொன்னீர்களாம், ஏறத்தான் கஷ்டம், சித்திஞ்ஜாவில் மிதிக்கவே வேண்டாம், காற்று மாதிரி வந்து வீட்டு வாசலில் நிற்கலாம் என்று. நீங்கள் பள்ளிக்கூட நாளில் அப்படித்தான் வந்திருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. அப்போது ஒரு நாளைக்கு எத்தனை லாரி போயிருக்கும்? இப்போது நிலக்கரி, எண்ணெய், மரம், எங்கள் சிமென்ட் எல்லாம் அந்த ஒரே ரோட்டில். பெரிய வளைவில் பாரம் ஏற்றி மேலே ஏறும் லாரி தன் பக்கத்திலேயே திரும்ப முடியாது மச்சான். முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். நடுவில் பிரேக் பிடித்தால் வண்டி பின்னால் உருளும். மேலிருந்து வருகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். அங்கே ஓட்டும் எங்களுக்கு இது பாலபாடம். இரண்டு மணிக்கு மேல் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் வருகிறவருக்கு லாரி தெரியாது, லாரிக்காரனுக்கு அவரைத் தெரியாது.

ஒரு விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. போன வருஷம் ரமலானுக்கு முந்தின வாரம் அதே வளைவில் நான் திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள் மேலிருந்து வந்துவிட்டது. மிதித்து நிறுத்தினேன். முப்பது டன் பின்னால் நகர ஆரம்பித்தது. கூட வந்த மார்லிஸ் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்தவர் ரோட்டோரக் கால்வாயில் விழுந்து கால் முறிந்தது. பள்ளி ஆசிரியர், நல்ல மனுஷர். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். "உங்க மேல தப்பில்லைங்க. இறக்கம்தானேன்னு விட்டுட்டேன். ரோடு முழுக்க லாரி வந்து நிக்கும்னு நெனைக்கவே இல்ல" என்றார். டயர் வெடித்தது, அதனால் தாமதம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

வரிசை நகர்ந்தது, அதனால் நிறுத்தினேன். இன்னும் ஒன்பது வண்டி முன்னால் இருக்கிறது.

ரெஸ்தியிடம் நீயே சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை அவள் போகும் வழியைப் படமாக வரைந்துகொண்டிருந்தபோது, சித்திஞ்ஜாவில் லாரி இருக்குமே என்றேன். "உங்க லாரிதானேப்பா! ஹார்ன் அடிங்க, ஒதுங்கிக்கிறேன்" என்றாள். அடுப்படியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேற்றுக் காலை அவள் சைக்கிளின் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா வாங்கிக் குடுத்ததுப்பா, புத்தம் புதுசு. அதுல போய் என்ன நோண்டுறீங்க?" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது உங்கள் சைக்கிள், உங்கள் அனுமதி, அவ்வளவுதான்.

உங்கள் தங்கை வீர்தாவிடமும் பேசினேன். "அண்ணன் சரின்னு சொன்னதுக்கப்புறம் நீங்க வேண்டாம்னா நல்லாவா இருக்கும்? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மச்சானையே மீறிட்டாருன்னு நாலு பேர் பேசணுமா?" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. வீடு உங்கள் தாய் வழி வீடு. பெண் உங்கள் குலத்துப் பெண். அவள் காரியத்தில் தாய்மாமன் சொல்தான் சொல். மாப்பிள்ளை என்பவன் அடிமரத்து மேல் கிடக்கும் சாம்பல், காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று நம் பெரியவர்கள் சொன்னதை நான் ஒருநாளும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. என் அக்கா மகன் மெந்தாவாய்த் தீவுகளுக்குப் படகில் போகிறேன் என்றபோது நானும்தான் தாய்மாமனாக உட்கார்ந்து, போய் வா என்று தலையாட்டினேன். அவன் தகப்பன் கதவோரம் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. அந்த ரோட்டில் வாரம் நான்கு தடவை போய்வருகிறவன் அதே வீட்டில் சோறு தின்கிறான். கடல் தாண்டி இருக்கும் உங்களைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றில்லை, யாருக்கும் தோன்றவில்லை. நானும் தாய்மாமன் பார்த்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பன் ரோடு தெரிந்தவன், ஆபத்து என்றால் சொல்லியிருப்பான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை கிளம்பப்போகிறாள்.

இன்று காலை சனிக்கிழமைக்கான பட்டியலை ஒட்டினார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு முழுப் பாரத்தோடு சோலோக்குக்கு என் வண்டி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் காகிதப்படி மூன்று மணிக்குப் பெரிய வளைவில் இறங்குவாள். அதே நேரத்துக்கு நான் அங்கே ஏறிக்கொண்டிருப்பேன். பனிக்குள் அவள் எதிரில் ரோடு முழுக்க வந்து நிற்கப்போவது என் வண்டியாகவே இருக்கலாம். மேஸ்திரியிடம் மாற்றக் கேட்டேன், "உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?" என்றார். லீவு போட்டு உட்காரலாம். அப்போது வேறொருவன் லாரி வரும். அவனுக்கு அவள் யாரோ ஒரு பெண். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இதை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மாதம் வியர்வை சிந்தியிருக்கிறாள், எல்லா ஏரியையும் அவள் பார்க்கட்டும். அந்தக் கடைசி இறக்கத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி அலாஹான் பாஞ்ஜாங்கிலேயே தங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெங்காயம் ஏற்றிவரும் வண்டியில் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு மூவரும் இறங்கட்டும். ஓட்டுநர் எனக்குத் தெரிந்தவர், பேசிவைத்துவிட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு அவள் பஸ் ஏறுகிறாள். இதைப் படித்த கையோடு அவளைக் கூப்பிட்டு, மாமா யோசித்துப் பார்த்தேன், ஏரியோடு முடித்துக்கொள் என்று சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். அது உங்கள் யோசனையாகவே இருக்கட்டும். எனக்குப் பெயர் வேண்டாம், பிள்ளை வீடு வந்தால் போதும்.

வாங்க மாட்டேன் என்ற மார்லிஸை அதட்டி, உங்கள் பிள்ளைகளுக்கு மரவள்ளிக் கார வறுவல் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் மூத்தவன் ஃபாஜ்ரி கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான் என்று வீர்தா சொன்னாள். அவனுக்கும் ஒரு தாய்மாமன் இருக்கிறார், முடிவு அவருடையது. அல்லாஹ் அவனுக்கு நல்ல வழியைக் காட்டட்டும். அந்த நாள் வரும்போது, அவன் தாய்மாமன் வாய் திறப்பதற்கு முன்னால் உங்களையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
ரெஸ்தியின் அப்பா,
எர்வாண்டி