கம்பளிப் பாதைச் சண்டையில் வென்றது யார்

15 ஜூலை 1959, புதன்

கம்பளி வணிகப் பாதைக்காக பதினேழாம் நூற்றாண்டில் லடாக்கும் திபெத்தும் போட்ட சண்டையில் வென்றது யார்? தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகச் சரித்திரம் நடத்துகிறேன். படித்த இரண்டு புத்தகங்கள் இரண்டு விதம்.

கேட்டவள் கோமதி, பதினோராம் வகுப்பு. சனிக்கிழமை திருநெல்வேலியில் பேச்சுப் போட்டி. இதுதான் அவள் தலைப்பு. அப்பா அனுப்ப மாட்டாராம்.

நாள் முழுக்கச் சாரல். துணி காயவில்லை.

16, வியாழன்

கடைத்தெருவில் காப்பிப் பொடி, குடைக் கம்பி வாங்கினேன். மாலை கோமதியோடு அவள் அப்பாவின் மிளகாய் வத்தல் கடைக்குப் போனேன். ஆரியங்காவு தாண்டிப் புனலூர் வரை சரக்கு அனுப்புகிறவர்.

"பொட்டப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் பேச அனுப்பவா? ஊரு சிரிக்கும் டீச்சர்."

நானும் கூடப் போவேன் என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பி, "என்னதான் பேசப் போற?"

மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னாள். கோட்டை முற்றுகைக்கு வந்ததும் அப்பா நிறுத்தினார்.

"ஏட்டி, கோட்டைய விடு. சண்ட முடிஞ்சு, வரி வாங்குற சுங்கச் சவுக்கையில யாரு உக்காந்தான்? அவன்தான் ஜெயிச்சவன். திருவிதாங்கூர் காலத்துல நாங்க ராசாவையா பாத்தோம்? சவுக்கைக்காரன் மூஞ்சியத்தான் பாத்தோம்."

எடை போடுகிறவர்: "மூட்டைக்குள்ள என்ன வச்சிருந்தீகன்னும் சொல்லுங்க அண்ணாச்சி."

"நீ தராசப் பாருலே."

"சவுக்கையில யாருன்னு புத்தகத்துல இல்லப்பா."

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

சனிக்கிழமை பற்றிக் கேட்டேன். "பாக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

17, வெள்ளி

குறிப்புகளை எல்லாம் புரட்டினேன். உடன்படிக்கை உண்டு, வருஷந்தோறும் லாசாவிலிருந்து வந்த தேயிலை உண்டு. சுங்கத்தில் உட்கார்ந்தவன் இல்லை. வத்தல்காரர் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

கோமதி முடிவை மாற்றி எழுதி வந்தாள். நன்றாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

நாளை ஆறே கால் பஸ். வருவாள் என்பதற்கு ஆதாரம் இல்லை. இருந்தாலும் இருவருக்கு இட்லி சொல்லி வைத்தேன்.

18, சனி

வந்தாள். அவள் அப்பாவும் வந்தார், வெள்ளைச் சட்டையில். இட்லி போதவில்லை.

வென்றது யார் என்று நடுவர் கேட்டார். "தெரியாது சார், சுங்கக் கணக்கு கெடச்சாத்தான் சொல்ல முடியும்" என்றாள். இரண்டாம் பரிசு.

வெளியே வந்ததும் கோமதி அப்பா பாளையங்கோட்டை பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். எதற்கு என்றேன்.

"பொம்பளப் பிள்ளைக காலேஜ் அங்கனதான இருக்கு? பாத்துட்டுப் போவோம்."

பூட்டியிருந்தது. கம்பிக் கதவு வழியாக மூவரும் பார்த்தோம். விடுதி எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனிடம் அவரே கேட்டார்.