பிழை எண் 14

9 நவம்பர், ஞாயிறு

விடிந்தது முதல் தூறல். தென்னை மட்டை விழுந்து துணிக்கொடி அறுந்தது. புதுக் கயிறு வாங்க வேண்டும்.

பதினொன்றுக்குத் தொலைக்காட்சியில் ‘தொலைமுனை’, ஏழாம் பகுதி. முதல் பருவம் அடுத்த ஞாயிறோடு முடிகிறது. வழக்கம்போல் குறிப்பேடு மடியில். இன்றைய பிழைகள்:

வெற்றிடத்தில் வெடிச்சத்தம் (ஏழாவது முறை).
வியாழனுக்கு அருகிலுள்ள விண்கலத்திலிருந்து பூமிக்குக் கேள்வி, மறுநொடியே பதில். ஒளிக்கே அரைமணிக்கு மேல் ஆகும்.
உயிர்வளி தீரும் நேரத்தில் பாட்டு. இயற்பியல் பிழையன்று. ஆயினும் எழுதினேன்.

கலத்தின் கணினி மட்டும் திருத்தமான தமிழ் பேசுகிறது. “விதிப்படி, அழுத்தம் சமமாகும்வரை கதவு திறக்கப்படமாட்டாது.” மங்கை கீரை ஆய்ந்துகொண்டே, “உரிச்சு வச்சாப்புல ஒங்க பேச்சுங்க” என்றாள். அந்தக் கணினியின் வாக்கியங்களை எங்கள் கயல்தான் எழுதுகிறாள் என்பது எனக்கு முதல் பகுதியிலேயே தெரிந்துவிட்டது.

கடைசியில் பெயர்கள் ஓடும். நான் பார்ப்பதே அதற்காக. இதை இந்த ஏட்டைத் தவிர வேறெங்கும் ஒப்புக்கொள்ளேன். எழுத்துக் குழுவில் ஐந்து பெயர், நான்காவது, கயல்விழி. இரண்டு நொடி. ஆறு வாரமும் இருந்தது.

இன்று நான்கு பெயர்களே.

அலைபேசியில் மீண்டும் ஓட்டினேன். மூன்று முறை. நான்குதான்.

10 நவம்பர், திங்கள்

மழை இல்லை. ஆலங்குடிச் சாலையில் பள்ளம் தெரியாமல் தண்ணீர். பதினொன்றாம் வகுப்பில் சுழல் இயக்கம். கவனம் இல்லை, கரும்பலகையில் குறி மாற்றிப் போட, ஒரு மாணவி திருத்தினாள்.

இடைவேளையில் கணக்கு ஆசிரியர் அந்தோணிசாமி: “என்ன சார், பாப்பாவோட கப்பல் எப்பத்தான் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வரும்? டவுன் பஸ்ஸ விட லேட்டா இருக்கே!” எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்திருக்க வேண்டும். சுண்ணக்கட்டி எடுப்பதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

சூன் மாதம் நடந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது. ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் கயல் விலகினாள். தொலைக்காட்சித் தொடருக்கு எழுதச் சென்னை போவதாகச் சொன்னாள். “ஆராய்ச்சியை முடிக்கும்வரை என்னோடு பேச வேண்டாம்” என்றேன். அவள் பேசவில்லை. ஒரு நாள்கூட மீறவில்லை. என் மகள், விதி என்றால் விதி.

12 நவம்பர், புதன்

பகலெல்லாம் வெக்கை. மாத்திரை இரண்டு வேளை தவறியது.

மங்கையிடம் கேட்டுவிட்டேன். அவள் கயலோடு தினமும் பேசிக்கொண்டிருந்தாளாம், ஐந்து மாதமாக. அதைப் பற்றிச் சினம் கொள்ளவும் நேரம் தரவில்லை.

“நீங்க அந்தக் கம்பெனிக்கு லெட்டர் போட்டீங்களா, இல்லையா?”

போட்டேன். ஐந்து பகுதிகளின் பிழைப்பட்டியல், மொத்தம் முப்பத்தொன்று, பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அட்டை திரும்பியும் வந்துவிட்டது. கோப்பில் இருக்கிறது.

“மொதப் பக்கத்துல என்னா எழுதுனீங்க?”

உறுதிமொழி எழுதினேன். அரசுத் தேர்வுப் பணிக்குப் போகுமுன் ஒவ்வோர் ஆண்டும் எழுதித் தருவதுதான்: இம்மையத்தில் என் உறவினர் தேர்வு எழுதுகிறாரா, இல்லையா. இருந்தால் சொல்லிவிட வேண்டும். மறைப்பது குற்றம். இருபத்தாறு ஆண்டுகளாகக் கையெழுத்திட்ட பழக்கத்தில் இங்கும் எழுதினேன். “இத்தொடரின் எழுத்துக் குழுவிலுள்ள கயல்விழி என் மகள். எனினும் இம்மதிப்பீட்டில் எவ்விதச் சலுகையும் காட்டப்படவில்லை.”

மங்கை அதைக் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். “அது என்ன பரிச்ச ஹாலா? அறிவியல் பாக்குறதுதான் அவளுக்குக் குடுத்த வேலையே. அத்தன பேரு முன்னால படிச்சுருக்கான் அந்த டைரக்டரு. ‘பெத்த அப்பாவே ஒன்ன நம்பல, நான் எப்படிம்மா நம்புறது’ன்னு சிரிச்சுருக்கான். ஒடனே அவள வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்க.”

எனக்குத் தெரியாது என்றேன். அறிவியல் சரிபார்ப்பு அவள் பொறுப்பு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

“நீங்கதான பேசக் கூடாதுன்னீங்க.”

13 நவம்பர், வியாழன்

கயலின் எண் அணைந்திருக்கிறது. காலை 6.10, 8.40, 12.55, 4.30. வெள்ளிக்கிழமையிலிருந்தே அப்படித்தானாம். மங்கை விடுதிக் காப்பாளரை அழைத்தாள். “ரூம்லதாம்மா இருக்கு. சாப்பிட வர மாட்டேங்குது. கதவத் தட்டுனா ‘இருக்கேன்’னு மட்டும் சொல்லுது.”

இருக்கிறாள். இன்று முழுவதும் அந்த ஒரு சொல்லோடு நடமாடினேன்.

அணைப்பதற்கு முன் அவள் கடைசியாக மங்கைக்கு அனுப்பியது ஒரு படம். என் பட்டியலின் இரண்டாம் பக்கம், என் கையெழுத்து. 14ஆம் எண்ணைச் சுற்றி வட்டம். கீழே: “அப்பா கேட்டா மட்டும் காட்டுங்க. ஆரம் 40 மீட்டர். உயரம் 1.2. அவரே போட்டுப் பாக்கட்டும்.”

பார்க்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் நாற்பத்திரண்டு கிடக்கிறது.

15 நவம்பர், சனி

கனமழை. மின்சாரம் இல்லை. சமையலறை ஒழுகல், வாளி வைத்தாயிற்று. மங்கை தேவைக்கு மேல் பேசுவதில்லை.

பிழை எண் 14: சுழலும் கலத்தில் சிறுமி ஒருத்தி டம்ளரை நழுவ விடுகிறாள். அது நேர் கீழே அவள் காலில் விழாமல், ஒரு சாண் தள்ளி விழுகிறது. “அடிப்படை அறிவுகூட இல்லாத காட்சி” என்று எழுதியிருந்தேன். அடிக்கோடும் இட்டிருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்குத் தாள் எடுத்தேன். கலத்துக்குள் இருப்பது புவியீர்ப்பு அன்று, சுழற்சி. கையை விட்ட டம்ளர் நேர்க்கோட்டில் போகும். தரைதான் வளைந்து வந்து அதைச் சந்திக்கும். டம்ளர் கடந்த கோணம் 0.2456 ரேடியன். தரை கடந்த கோணம் 0.2506. வேறுபாட்டை நாற்பதால் பெருக்க, இருபது சென்டிமீட்டர்.

மறுபடி போட்டேன். இருபது.

கையை மேசைமேல் விரித்து அளவுகோல் வைத்தேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை. ஒரு சாண்.

இதை நான் கற்பிக்கிறேன். சுழல் இயக்கம், பதினொன்றாம் வகுப்பு. திங்களன்றுகூட எடுத்தேன். அவள் படம் பிடிப்பவர்களிடம் சண்டையிட்டுத்தான் அந்த ஒரு சாணை வாங்கியிருக்க வேண்டும். அது சரி என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? நான் ஒருவன். அவள் யாருக்காக எழுதினாள் என்பது இப்போதுதான்

மழை நின்றது. தபால் நிலையம் மூடியிருக்கும்.

16 நவம்பர், ஞாயிறு

எட்டாம் பகுதி. குறிப்பேடு எடுக்கவில்லை.

தொடர் நன்றாக இல்லை. மீண்டும் பாட்டு. வில்லன் எதற்காகச் சிரிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் முடிவில் அந்தச் சிறுமி கலத்துக்கு வெளியே. உயிர்வளி நான்கு நிமிடம். உள்ளே கணினி: “விதிப்படி, கதவு திறக்கப்படமாட்டாது.” அவள் தட்டுகிறாள். ஓசை இல்லை. வெற்றிடத்தில் ஓசை இருக்காது. முதல் முறையாகச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அத்துடன் முதல் பருவம் முற்றிற்று. கயல் எழுதி வைத்துவிட்டு வந்ததாகத்தான் இருக்கும்.

பெயர்கள்: நான்கு.

மங்கை தொலைக்காட்சியை அணைத்தாள். “தொறக்குமா, தொறக்காதாங்க?”

“அடுத்த பருவத்தில்தான் தெரியும்.”

“நான் சீரியலக் கேக்கல.”

17 நவம்பர், திங்கள்

காலை 5.40. புதுக்கோட்டைப் பேருந்து நிலையம். ஈரம், டீசல் வாடை. மங்கை கட்டிய இட்லி, பருப்புப்பொடி, கயலின் பழைய போர்வை. பையில் கணக்குத் தாள், கீழே சிவப்பு மையில் “14 சரி. மதிப்பீட்டாளர் பிழை” என்றெழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரு படி. பதிவுத் தபாலில் இல்லை, நேரில். அந்த டைரக்டர் அத்தனை பேர் முன்னால் இதையும் படிக்க வேண்டும்.

விடுப்பு விண்ணப்பம் தரவில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து இதுவே முதல் முறை. அந்தோணிசாமியை அழைத்தேன்.

“லீவ் லெட்டர் குடுக்கலயா? நீங்களா? சார், ஒடம்புக்கு எதுவும்...?”

“மெட்ராஸ் போறேன் சார். பாப்பாவப் பாக்க.”

“போய்ட்டு வாங்க சார். ஒங்க கிளாஸ நான் பாத்துக்கிறேன்” என்றார்.

5.52. அவள் எண், இன்னும் அணைந்தே. கதவைத் தட்டினால் “இருக்கேன்” என்பாளாம். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும்? மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் அந்தக் கணினி பேசுவதுபோல் இருக்கின்றன. அடித்துவிட்டேன்.

நடத்துநர் ஏறிவிட்டார். “மெட்ராஸ் போறவங்க யாரு? சார், எழுதுறத அப்பறம் எழுதுங்க, ஏறுங்க