சம்பந்தியின் ஆறு

என்றும் என் மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் இருந்தவரை நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. இப்போது துக்கம் தாளாமல் எழுதுகிறேன் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். பொறாமையால் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகாவது அது குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

சவூதியின் யான்புவிலிருந்து அந்தச் செய்தி வந்த அன்று, இங்கே துபாயில் உங்கள் மகள் வித்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதவன் என் மகன் பிரபுதான். "மாமா, மாமா" என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். அவனுடைய அம்மா போனபோதுகூட அவன் அப்படி அழவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்ற நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் போனால் இவன் இப்படி அழுவானா என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைக்கிறவன் என்ன மனிதன், சம்பந்தி?

எங்கள் வீட்டில் 'மாமா' என்ற சொல்லுக்கு இரண்டு பேர் உண்டு. வித்யா சொன்னால் நான். பிரபு சொன்னால் நீங்கள். காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன். பாதி நேரம் அது நானாக இருக்காது.

எல்லாம் அந்த ஆற்றால் வந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் உங்களோடு வேலை பார்த்த ஒரு கனடாக்காரர் செங்கடல் கரையில் உங்களுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தாராம். புழு இல்லை, ஈயக்குண்டு இல்லை. இறகையும் நூலையும் கொக்கியில் கட்டிப் பூச்சிபோலச் செய்த 'ஃப்ளை'. நூலின் கனத்தாலேயே அதைத் தண்ணீருக்குமேல் வீச வேண்டும். உங்கள் மூத்த மகன் கனடாவில் குடியேறியதும் ஒவ்வொரு செப்டம்பரிலும் லீவு எடுத்துக்கொண்டு அங்கே உள்ள ஆற்றில் மீன்பிடிக்க ஓடினீர்கள். கல்யாணமான மறு வருடமே என் மகனையும் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

திரும்பி வந்தவன் ஆளே மாறியிருந்தான். கடலிலிருந்து ஆறேறி வரும் சால்மன் மீன் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகுமாம். அதன் உறவான ஸ்டீல்ஹெட்டும் அதே வழியில்தான் வருமாம். ஆனால் அதில் சில, முட்டையிட்ட பிறகு மறுபடி கடலுக்கே போய்விடுமாம். சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியமும் "மாமா சொன்னார்" என்றே முடியும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். தண்ணீரைப் பற்றி அவன் ஒரு தடவையாவது "அப்பா சொன்னார்" என்று சொல்லியிருக்கலாம்.

லீவில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பூங்காவில் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? கொக்கிக்குப் பதிலாக நூல் நுனியில் கொஞ்சம் கம்பளியைக் கட்டிக்கொண்டு, புல்தரையில் மாமனாரும் மாப்பிள்ளையும் வீசிப் பழகினீர்கள். காவலாளி ஓடி வந்து, "பாய், பானி மாஃபி, மச்லி கிதர்?" என்றான்; தண்ணீரே இல்லை, மீன் எங்கே என்று கேட்டான். நீங்கள் என் பக்கம் கையைக் காட்டி, "மச்லி உதர், பெஞ்ச் பர்" என்றீர்கள், மீன் அதோ பெஞ்சில் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"சம்பந்தி, வாங்க, ஒரு தடவை வீசித்தான் பாருங்களேன்" என்று கூப்பிட்டீர்கள். கழுத்துவலி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதற்குள் நான் புத்தகம் வாங்கிப் படித்திருந்தேன். கைப்பேசியில் சத்தத்தை அணைத்துவிட்டு எத்தனையோ வீடியோ பார்த்திருந்தேன். உங்கள் முழங்கை உடம்பைவிட்டு விலகுகிறது, அது பிழை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் தைரியமில்லை. விலகிய முழங்கையோடு வீசிய உங்களுக்குத்தான் மீன் அகப்பட்டது.

பிடித்த மீனையும் ஆற்றிலேயே விட்டுவிடுவீர்களாம். "விடறதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க?" என்று கேட்டேன். "கொண்டுவந்தா மட்டும் உங்க மருமக கழுவித் தருவாளா சம்பந்தி?" என்றீர்கள். உங்களிடம் என்றைக்கு நான் பேச்சில் ஜெயித்தேன்?

பிரபு சொன்ன ஒரு விஷயம் என் மனதை மிகவும் அரித்தது. ஒரே மடுவில் இரண்டு பேர் மீன்பிடித்தால் ஒருவர் முன்னால் போவார். வீசுவார், இரண்டு எட்டு கீழே நகர்வார், மறுபடி வீசுவார். மற்றவர் அவர் பின்னால் வருவார். முன்னால் போகிறவருக்குத்தான் கலங்காத தண்ணீர். "எப்பவும் என்னைத்தான் முன்னாடி அனுப்புவார்ப்பா. அது ஆத்து மரியாதையாம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாண மண்டபத்தில் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தவர் நீங்கள். பெண்ணைக் கொடுத்தவர் மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதையை இடுப்பளவுத் தண்ணீரிலும் செய்திருக்கிறீர்கள். அவன் அதை ஆற்றின் வழக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். நான் திருத்தவில்லை. என் பிள்ளையை நான் அப்படி ஒரு இடத்திலும் முன்னால் அனுப்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி இப்போதைய செய்தி. உங்கள் மூத்த மகன் இந்தச் செப்டம்பருக்கும் வழக்கம்போல ஆற்றோர விடுதியில் இரண்டு பேருக்கு இடம் பதிவு செய்துவிட்டார். ஒன்று பிரபுவுக்கு. மற்றது உங்கள் நினைவாகக் காலியாக இருக்கட்டும் என்றாராம். எனக்கு ஒரே ஆசைதான், சம்பந்தி. அந்த இடத்துக்குப் பிரபு என்னைக் கூப்பிட வேண்டும். நானாகக் கேட்க மாட்டேன். கேட்டு அவன் முகம் ஒரு கணம் தயங்கினால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்து தூண்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நான் போய்க் கதவருகே நின்றேன்.

"என்னப்பா, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்ல. சும்மா காத்தாட நிக்கிறேன்."

"ஆகஸ்ட்லயா?"

எனக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சிரித்தான். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? எங்கூட ஆத்துக்கு வர்றீங்களாப்பா? தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். மாட்டேன்னுதான் சொல்லுவீங்க, அதான் இத்தனை நாளா கேக்கல" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

மாலைக் காப்பியோடு வித்யா வந்தாள். என்னால் வாயை அடக்க முடியவில்லை. "பிரபு என்னைக் கூப்பிட்டுட்டாம்மா" என்றேன். "ரொம்ப சந்தோஷம் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். எழுந்து போய் என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். கொஞ்சம் பொறுத்துக் குழாயை மூடினாள்.

"சின்ன வயசுல யான்புல அப்பா வீசிப் பழகறப்ப, நூல்ல சிக்கெடுத்துக் குடுத்தது நான்தான் மாமா. நானும் ஒருநாள் ஆத்துக்குப் போவேன்னு நினைச்சேன். கல்யாணம் ஆச்சு, மாப்பிள்ளை வந்துட்டார். அப்பா என்னை ஒரு தடவைகூட வர்றியான்னு கேட்டதில்ல. வருஷா வருஷம் ரெண்டு பேருக்கும் பெட்டி கட்டிக் குடுப்பேன். கட்டறப்ப வயிறு எரியும்."

 அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பாவுக்கும் வயிறு எரியும், தெரியுமா? உங்க மேல. ஃபோன் பண்ணா முதல் கேள்வி, 'இன்னிக்கும் உங்க மாமாவுக்கு நீதான் காப்பி போட்டியா?' ஆமான்னா, 'குடுத்து வச்ச மனுஷன்'னு சொல்லிட்டு வச்சிருவார்."

உண்மையா, சம்பந்தி? என் மேலா? ஒரு டம்ளர் காப்பிக்கா? அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

"நீ போம்மா" என்றேன்.

"ஐயோ, நான் அதுக்காகச் சொல்லல மாமா. பாப்பா இருக்கா, அவளுக்கு ஸ்கூல் இருக்கு."

"பஸ் வாசலுக்கு வருது. டிபன் பாக்ஸ் கட்ட எனக்குத் தெரியாதா?"

"தெரியாது மாமா."

"கத்துக்கிறேன்."

இதைப் பெருந்தன்மை என்று அவள் நினைக்கிறாள். எனக்கு நிச்சயமில்லை. கால் வழுக்கும் கற்களையும் அந்தக் குளிர்ந்த தண்ணீரையும் நினைத்துப் பயந்து, கிடைத்த சாக்கைப் பிடித்துக்கொண்டேனோ? இரண்டும் கலந்துதான் இருக்கும். எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிரபுவிடம் சொன்னபோது அவன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நீங்க வரலையாப்பா?" என்றான். வித்யா வருவதில் அவனுக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் முகம் விழுந்தது. சின்னத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த முகத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவர்கள் புறப்படுகிறார்கள். வித்யா இந்தத் தடவை தனக்கும் பெட்டி கட்டுகிறாள். அவர்கள் ஆற்றில் இருக்கும் நாட்களில், சாப்பிட்டீர்களா, குளிருகிறதா, பாப்பா தேடுகிறாள் என்று சாக்குச் சொல்லி ஒரு தடவைகூட ஃபோன் செய்ய மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. அங்கே உங்கள் மகள் உங்களோடு முழுதாக இருக்கட்டும். நான் குறுக்கே வரமாட்டேன்.

பொறாமைப்படாமல் இருப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள் கையால் காப்பி குடிக்கிற
உங்கள் சம்பந்தி