தாழைமாளிகையில் உரை கேட்க வந்தோர்

குன்றும் கடலும் எல்லையாகக் கொண்ட வெண்கோட்டு நாட்டை ஆளும் எயிற்கோ மன்னர் திருமுன், தாழைமாளிகையின் காப்பாளனும், அவ்வில்லத்து வரலாற்றை மக்களுக்கு உரைக்கத் தங்களால் அமர்த்தப்பட்டவனுமாகிய தத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் விளக்குகள் அணையாதிருக்க. தங்கள் கதவுகள் உள்ளிருந்தும் திறப்பனவாக இருக்க.

பெருமானே, சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. தங்கள் பாட்டனார் காலத்தில் படைத்தலைவர் கொற்றங்குமரர் குடும்பத்தோடு வைசூரியில் மாண்ட இம்மாளிகையில், முழுநிலா நாளின் பிற்பகல்தோறும் உரை நிகழ்த்தி வருகிறேன். கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. சென்ற முறை இருவரே வந்தனர். ஒருவர் உறங்கினார், மற்றவர் அவரை அழைத்துப்போக வந்தவர்.

பறையில் "ஊரார் வருக" என அறிவிப்பதே வழக்கம். கூட்டம் சேர்க்கும் ஆவலில், "இம்மாளிகையோடு தொடர்புடையோர் யாவரும் வருக, மன்னர் அழைக்கிறார்" என்று மாற்றினேன். பறையறையும் வேளன் தயங்கினான்.

"ஊராரைக் கூப்பிட்டா ஊரார் வருவாங்க. இப்படிக் கூப்பிட்டா யாரு வருவாங்களோ? வேண்டாம் சாமி."

"யாரு வேணா வரட்டும் வேளா. கூடம் காலியாத்தானே கெடக்கு."

நேற்றுக் கூடம் நிறைந்தது. வெளியே மழைச்சேறு, ஆனால் முன்வரிசையார் நடந்து வந்த தரையில் ஒரு சேற்றுத்தடமும் இல்லை. மகிழ்ச்சியில் அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கதவின் உட்புறத்துக் கைத்தடங்களைக் காட்டி, அவை திருமண நாளில் பதித்தவை என வழக்கம்போல் உரைத்தேன். ஒரு பெண் எழுந்து வந்து, ஒரு தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். விரல் விரலாகப் பொருந்திற்று. சுவரோவியத்தில் கொற்றங்குமரரின் அருகே மனைவியாக நிற்பவளின் முகத்தை அவளிடம் அப்போதுதான் அடையாளம் கண்டேன்.

"கல்யாணக் கையா இது, தம்பி? கதவைத் திறங்கன்னு அறைஞ்ச கை. நோவு எனக்கு மட்டுந்தான். மத்தவங்க நல்லாத்தான் இருந்தாங்க. வெளியில தாழ் போட்டுட்டாங்க."

அவளுக்குப் பின்னே முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர், "நல்லாத்தான் பேசுறான் பையன், விஷயம்தான் தெரியல" என்றார். முன்வரிசையார் யாவரும் சிரித்தனர். வாய்கள் அசைந்தன, ஓசை எழவில்லை.

ஊரார் ஓடிவிட்டனர். கேட்போர் ஒருவர் அமர்ந்திருப்பினும் உரைத்தவன் எழலாகாது என்பது இவ்வில்லத்து முறை. எழ முயன்றேன், கால்கள் இசையவில்லை. போய் வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"நீயா கூப்பிட்ட? மன்னர் பேரச் சொல்லித்தானே கூப்பிட்ட. தாழ் போடச் சொன்னது யாருன்னு அவரே வந்து சொல்லி அனுப்பட்டும்" என்றாள்.

தாழிடச் செய்தவர் யாரென எனக்குத் தெரியாது என்றேன். தங்களுக்குத் தெரியும் என்கிறாள். ஆதலால் தாங்கள் எழுந்தருளி, அதை இக்கூடத்தில் உரைத்து, இவர்களுக்கும் எனக்கும் விடை தந்தருள வேண்டும். முன்வரிசையில் ஓர் இருக்கையை ஒழித்து வைத்திருக்கிறார்கள்.

என் இருக்கையை ஒட்டிய சாளரத்துக்கு வெளியே நிற்கும் வேளன் கையில் இவ்வோலையைத் தருகிறேன். கீழுள்ளது தாழைமாளிகை முத்திரை. கதவடைத்த நாளில் காணாமற்போனதை இப்போது மடியிலிருந்து எடுத்துத் தந்தாள். இதை விண்ணப்பம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆணை என்று எழுதச் சொல்கிறாள்.